சிங்கமலைக்கு அப்பால்

சென்ற வாரம் ஹற்றன் புகையிரத நிலையத்தின் மேடையில் வந்து நின்ற நம் சரித்திரம், இவ்வாரம் அங்கிருந்து நுவரெலியாத் திசையில் ஒரே ஒரு நிலையம் மட்டும் பிரயாணம் செய்யப் போகிறது. தூரம் சொற்பந்தான், ஆனால் அந்தச் சொற்ப தூரத்துக்கு நடுவே மலையொன்று குறுக்கிட்டுக் கிடப்பதால், அதன் வயிற்றைத் துளைத்து, இலங்கைப் புகையிரதப் பாதைகளிலேயே மிக நீண்டதென்று நெடுங்காலம் பெயர்பெற்றிருந்த சிங்கமலைச் சுரங்கத்தை அமைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 560 மீட்டர் நீளமுள்ள அந்த இருளில் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓய்வதற்கும், வண்டி மறுவாயிலில் வெளிச்சத்துக்கு வருவதற்கும் சரியாயிருக்கும். அப்பால் விரிகின்ற தேயிலைச் சரிவுகளும், அவற்றின் நடுவே தகரக் கூரைகள் நெருங்கிக் கிடக்கும் சிற்றூருமே, கடல் மட்டத்திலிருந்து 4000 அடிக்கு மேலே அமைந்த கொட்டகலை.

கடைவீதியை மாத்திரம் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இவ்வூரைப் பற்றி எழுத அதிகம் அகப்படாது. அவிசாவளையிலிருந்து ஹற்றன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இரு மருங்கிலும் புடவைக்கடை, பலசரக்குக்கடை, தேநீர்க்கடை, அடகுக்கடை என்று வரிசை பிடித்து நிற்கும் ஒரு தெரு, புகையிரதத்தில் வந்திறங்கும் எண்ணெயைச் சேமித்து மலைநாட்டுக்கு விநியோகிக்கும் பெற்றோலியக் களஞ்சியம், ஒரு வைத்தியசாலை, பாடசாலைகள், எப்பொழுதும் ஈரம் உலராத பஸ் தரிப்பிடம். ஆயினும் கொட்டகலை என்பது இந்தத் தெருவன்று. தெருவுக்கு மேலும் கீழும், கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்கின்ற டிரேட்டன், டெரிக்கிளையர், ஸ்டோனிகிளிப், ரொசிட்டா, மேபீல்ட், யுலிபீல்ட், கிரேக்கிலி, போகாவத்தை முதலிய தோட்டங்களும், அவற்றின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளிலிருந்து சம்பள நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டவுனுக்கு இறங்கி வருகின்ற ஜனங்களுமே கொட்டகலை. இப்பெயர்களைக் கேட்கிற அந்நியர் ஏதோ ஸ்கொத்லாந்துப் பூகோளப் படத்தைப் படிக்கிறோம் என்று மயங்கக்கூடும். வீட்டு ஞாபகம் தாளாத துரைமார் தம் ஊர்ப் பெயர்களை மலைகளுக்குச் சூட்டிக்கொண்டார்கள். டெரிக்கிளையர் என்பது அயர்லாந்தின் மேற்கே உள்ள ஓர் ஏரியின் பெயர். அந்த ஏரியைக் கனவிலும் கண்டிராத தேவகோட்டைப் பக்கத்து மனிதரின் பேரப்பிள்ளைகள் இன்று தங்கள் ஊர் எதுவென்று கேட்டால் அப்பெயரைத்தான் சொல்லுகிறார்கள்.

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுகிறவன் கல்வெட்டையும் செப்பேட்டையும் தலபுராணத்தையும் நாடுவது மரபு. கொட்டகலைக்கு இவற்றில் யாதொன்றும் உபயோகப்படாது. இங்கே நமக்குக் கிடைப்பவை பதிவேடுகள்: கங்காணியின் கடன் கணக்கு, தோட்டத்து வரவுப் பதிவான செக்றோல், கழுத்தில் தொங்கிய தகரத் துண்டு, வாக்காளர் இடாப்பு, பிரஜாவுரிமை மனு, கப்பல் ஏறும் அனுமதிப்பத்திரம். இவ்வூரில் யாருடைய பெயர் எந்த ஏட்டில் எழுதப்பட்டது, எந்த ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டது என்ற விவரத்தை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், அதுவே கொட்டகலையின் சரித்திரமாக அமைந்துவிடுகிறது. ஆதலால் இவ்வாரக் கட்டுரையை அந்த வழியிலேயே நடத்திச் செல்ல உத்தேசித்திருக்கிறேன்.

ஏடுகளுக்கு முந்தியது காடு. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பிறகும், திம்புளைப் பிரதேசம் என்று வழங்கும் இந்த மலைத்தொகுதி பல்லாண்டு காலம் அடர்ந்த வனமாகவும், இடையிடையே பத்தனை எனப்படும் புல்வெளியாகவும், யானையும் மரையும் சிறுத்தையும் உலாவுகின்ற பூமியாகவுமே இருந்துவந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரித்துக்கு ஆதாரம் காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரிய நிலம் என்று விதித்தது. அவ்வாறு முடிக்குரியதாகிய நிலம் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக்கூடக் கைமாறியது; பின்பு அதன் ஆரம்ப விலையை ஒரு பவுனாக உயர்த்தினார்கள். வாங்கியவர்களில் கவர்ணர் காரியாலயத்து உத்தியோகஸ்தரும், படைத்தளபதிகளும், நீதிபதிகளும், ஏன், பாதிரிமாருங்கூட இருந்தார்கள் என்பதை அக்காலத்து வரலாற்றாசிரியர்கள் கூச்சமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காட்டை அழித்த முறையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். ஏனெனில் இன்று நாம் கண்டு வியக்கின்ற பச்சைக் கம்பளத்தின் அடியில் இருப்பது அந்தச் சம்பவந்தான். மரவெட்டிகள் மலைச்சரிவின் அடிவாரத்திலிருந்து வேலையைத் தொடங்குவார்கள். ஒவ்வொரு மரத்தையும் முற்ற வெட்டாமல், பாதிக்குச் சற்று அதிகமாக வெட்டி, நின்றபடியே விட்டுவிட்டு மேலே ஏறிச் செல்வார்கள். இப்படி முழுச் சரிவையும் அரைவெட்டாக்கி உச்சி வரிசையை அடைந்ததும், அவ்வரிசையிலுள்ள பெருமரங்களை மாத்திரம் முழுவதும் வெட்டிக் கீழ்நோக்கிச் சாய்ப்பார்கள். அவை தமக்குக் கீழே நின்றவற்றின்மீது விழ, கொடிகளால் ஒன்றோடொன்று பிணைப்புண்ட மரங்கள் அத்தனையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சரிய, ஒரு மலைப்பக்கம் முழுவதும் சில நிமிஷங்களில், இடி விழுந்தாற்போன்ற ஓசையோடு, தரையில் படுத்துவிடும். வெயிலில் சில வாரம் உலரவிட்டு, காற்று அனுகூலமான ஒரு நாள் பார்த்து நெருப்பிடுவார்கள். நெருப்படங்கிய பிறகு எஞ்சிய கரிக்கட்டைகளுக்கும் அடிக்கட்டைகளுக்கும் நடுவே கயிறு பிடித்து, குச்சி நாட்டி, குழிவெட்டிக் கோப்பிக் கன்றை நடுவார்கள். மரம் வீழ்த்தும் கொந்தரப்பைப் பெரும்பாலும் சிங்கள மரவெட்டிகள் ஏற்றார்கள். எரிந்த நிலத்தைச் சுத்தி செய்து, தெருவெட்டி, கான்வெட்டி, நட்டு, களை பிடுங்கி, பழம் பறிக்கும் வேலை தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் கைக்கு வந்தது.

மரங்களுக்கு நேர்ந்தது விலங்குகளுக்கும் நேர்ந்தது. ஊவாப் பகுதியில் உத்தியோகம் பார்த்த மேஜர் றோஜர்ஸ் என்பவர் 1400 யானைகளுக்கு மேல் சுட்டார் என்று அவருடைய அபிமானிகளே பெருமையோடு சொல்லுகிறார்கள். அம்மனிதர் 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்துபோனார். இச்செய்தியைக் கேட்கிற மலைநாட்டுக் கிழவர்கள் ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பது வழக்கம். சரித்திராசிரியன் அதற்கு மேல் வியாக்கியானம் செய்யவேண்டியதில்லை. இம்மலைகளில் இன்று காட்டு யானை கிடையாது.

நெடுங்காலம் கழித்தே ஆட்சியாளருக்குச் சிறிது சந்தேகம் பிறந்தது. மழையைத் தாங்கி வைக்கும் உச்சிக் காடுகள் அழிந்தால் ஆறுகளும் மெலியும் என்று தாவர சாஸ்திரிகள் எடுத்துரைத்ததன் பேரில், 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது 1873ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதற்குக் கீழே இருந்தது கீழேயே போய்விட்டது. மலைமுடிகளில் இன்று ஒட்டிக்கொண்டிருக்கும் வனத்துண்டுகளில் ஒன்றுதான் சுரங்கத்துக்குப் பெயர் கொடுத்த சிங்கமலைக் காடு. ஹற்றன் நகரத்தின் குடிநீர் அதனடியிலிருந்து வருகிறது. ஆண்டுதோறும் வரட்சிக் காலத்தில் யாரோ அதற்குத் தீ வைத்துவிடுவதும், பொலிசாரும் இராணுவத்தாரும் ஊர்வாசிகளும் இலைக்கொத்தைக் கையிலெடுத்துக்கொண்டு அடித்து அணைப்பதும் பத்திரிகைகளில் வழக்கச் செய்தியாகிவிட்டன. தன் தண்ணீருக்குத் தானே தீ வைக்கும் வித்தையை நாம் யாரிடம் கற்றோம் என்பது ஆராயத்தக்கது.

இனி, கோப்பி. திம்புளைப் பள்ளத்தாக்கு பிற மாகாணப் பகுதிகளைக் காட்டிலும் பிந்தித் திறக்கப்பட்டதாயினும், 1870ஆம் ஆண்டளவில் இங்கும் மலைதோறும் கோப்பி பூத்துவிட்டது. விளைச்சலைக் கொழும்புக்கு இறக்க மாட்டுவண்டி போதாதென்று துரைமார் இரயில் கேட்டார்கள்; கேட்டுக்கொண்டிருக்கும்போதே, 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காணப்பட்ட செங்காவி நிற இலைநோய் மலைமலையாகப் பரவி, கோப்பித் துரைமாரைக் கடனாளிகளாக்கிற்று. 1884ஆம் ஆண்டில் கோப்பிக்குக் கடன் கொடுத்து வீங்கியிருந்த ஓரியன்டல் வங்கி கதவை மூடியது. அதே 1884ஆம் ஆண்டில் இரயில் ஹற்றனுக்கு வந்து சேர்ந்தது. மறு வருஷம், சிங்கமலையைத் துளைத்துக்கொண்டு கொட்டகலையைக் கடந்து, நானுஓயாவை அடைந்தது. கோப்பிக்காக வேண்டப்பட்ட இரயில் கோப்பியின் பிரேத ஊர்வலத்துக்குத்தான் வந்தது என்று சொல்லவேண்டியிருந்திருக்கும், ஜேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டுக் காட்டாமலிருந்தால். சிங்கோனா மரத்தில் சில ஆண்டுகள் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்த்து, அதன் விலையும் விழுந்த பிறகு, திம்புளை முழுவதும் தேயிலையாயிற்று.

இந்தப் பயிர் மாற்றத்தைச் சாதாரணமாகக் கடந்துபோகிற நூல்கள் பல. கொட்டகலை என்ற ஊர் உண்டானதற்கே காரணம் அதுதான் என்பது என் துணிபு. கோப்பிப் பழம் ஆண்டில் சில மாதங்களுக்குள் பறித்து முடிந்துவிடும். அதற்காக இராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்து, வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் போக எஞ்சி வந்தவர்கள், பெரும்பாலும் ஆண்கள், பருவம் முடிந்ததும் வந்த வழியே திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தோ, ஆண்டு முழுவதும் துளிர்த்துக்கொண்டிருப்பது. ஒரு வாரத்துக்கு அதிகமாகக் காத்திருக்காதது. விரல்நுனியால் இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளப்படவேண்டியது. ஆகவே நிரந்தரமான ஆட்கள் வேண்டியிருந்தது. அவர்களிலும் பெண்கள் வேண்டியிருந்தது. பெண்கள் வந்தால் பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகள் வந்தால் சாமிகள் வருவார்கள். யாத்திரைக்காரரைக் குடியானவராக்கியது தேயிலை.

அக்குடியேற்றத்துக்கு முதல் ஏடு கங்காணியின் கணக்குப் புத்தகம். ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருகின்ற பெரிய கங்காணி, வழிச்செலவு, துணிமணி, அரிசி என்று முன்பணமாகக் கொடுத்ததையெல்லாம் ஆளின் பேரில் பற்றெழுதுவார். ஆளொன்றுக்கு இவ்வளவு என்று துரையிடமிருந்து அவருக்குத் தலைக்காசும் உண்டு. கடன் தீரும்வரை தோட்டம் மாற முடியாது, கடனோ தீராது. 1901ஆம் ஆண்டு முதல் தகரத் துண்டு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் இலக்கமும் பொறித்த அந்தத் தகட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டவர், வழிநெடுகக் காசு கேட்கப்படாமல் தோட்டத்தில் கொண்டுவந்து ஒப்படைக்கப்படுவார். செலவு பிறகு கணக்கில் ஏறும். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. மண்டபம் முகாமில் அம்மைக்குத்தலும் மருத்துவப் பரிசோதனையும் முடித்து, கப்பலேறி, தலைமன்னார் வண்டி பிடித்து, பொல்ககவலையில் மாறி, மலையேறி, கொட்டகலை ஸ்டேஷனில் குளிரில் பல் கிட்டிப்போய் இறங்கியவர்களை, கங்காணியின் ஆள் இலக்கம் கூப்பிட்டு எண்ணிக்கொண்டு போயிருப்பான்.

தோட்டத்து நாள் பெரட்டில் தொடங்கும். விடியுமுன் தப்படிக்கும் ஓசை கேட்டதும் லயத்துக் கதவுகள் திறக்கும். பெரட்டுக்களத்தில் கூடிய ஆட்களை, கொழுந்து மலைக்கு இத்தனை பேர், கவ்வாத்துக்கு இத்தனை பேர், முள்ளுக்குத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கப்பிள்ளை பிரித்தனுப்புவார். இடுப்பில் படங்கும், தலையில் கயிறு மாட்டிய கூடையுமாகப் பெண்கள் நிரை பிடிப்பார்கள். குறித்த றாத்தல் நிறை வந்தால் செக்றோலில் ஒரு பேர், வராவிட்டால் அரைப்பேர். கைக்குழந்தை பிள்ளைக் காம்பராவில். மாலையில் கொழுந்து இஸ்டோருக்குப் போய், மேல்மாடித் தட்டில் வாடி, ரோலரில் முறுகி, காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகி, சூட்டடுப்பில் கருகாமல் உலர்ந்து, சலிப்பில் தரம் பிரிந்து, பெட்டிக்குள் அடங்கும். வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் அட்டை காலைச் சுற்றும், கம்பளிச் சாக்கு நனைந்து கனக்கும்; தை, மாசி மாதங்களில் ஈரமற்ற குளிர்காற்று வீசும்போது கொழுந்து குறையும், ஆனால் அக்காலத்துத் திம்புளைத் தேயிலையின் மணத்துக்குத்தான் இலண்டன் ஏலக்காரர் போட்டியிட்டார்கள். கொழுந்து குறைந்தால் பேரும் குறையும். உலகத்தார் மெச்சுகின்ற அந்த நறுமணம் லயத்துக்கு இளைத்த மாதங்களின் மணம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி விஸ்தீரணமுள்ள ஒரு காம்பராவில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு குடும்பம் வாழ்ந்த நிலையைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை நான் திரும்ப வர்ணிக்கப் போவதில்லை. அந்நெருக்கத்துக்குள்ளும் அவர்கள் கூட்டிவந்த சாமிகளுக்கு இடம் இருந்தது என்பதே எனக்கு விசேஷமாகத் தோன்றுகிறது. மாரியம்மன் தோட்டத்துக்கொரு கோயிலில் அமர்ந்தாள். மதுரைவீரனும் முனியாண்டியும் மரத்தடியில் நின்றார்கள். ஊரில் இல்லாத தெய்வங்களும் இங்கே உற்பத்தியாயின: இஸ்டோரில் ஓயாமல் சுழலுகின்ற இயந்திரச் சக்கரம் யாருடைய கையையும் பிடித்து இழுத்துவிடாமல் காக்க ரோதைமுனி என்றொருவர் எழுந்தருளினார், அவருக்குச் சேவல் பலி உண்டு, பல இடங்களில் துரையே அதற்குக் காசு கொடுத்தார். மாசி மாதத்தில் காமன் கூத்து. அமாவாசை கழித்துக் கம்பம் ஊன்றி, ரதி மதன் கலியாணம் நடத்தி, பௌர்ணமியை ஒட்டிச் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரிக்கும் அந்த ஆட்டத்தில், லயமே மேடை, பார்க்கிறவர்களே பாத்திரங்கள். தமிழ்நாட்டின் பல கிராமங்களில் இந்தக் கூத்து மங்கிவிட்டது. மலையகத்திலோ இன்றும் கம்பம் ஊன்றப்படுகிறது.

இனி அரசியல் ஏட்டுக்கு வருவோம். கொட்டகலைக்கு விசேஷமான அத்தியாயம் இதுவே. 1931ஆம் ஆண்டில் டொனமூர்த் திட்டத்தின்படி இலங்கையில் சர்வஜன வாக்குரிமை வந்தது. ஹற்றனைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கோ. நடேசய்யர், 1936ஆம் ஆண்டில் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1939ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. பின்பு 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலுக்காக நாட்டைத் தொகுதிகளாகப் பிரித்தபோது, கொட்டகலை என்ற பெயரில் ஒரு தேர்தல் தொகுதி உதயமாயிற்று. ஒரே தெருவுள்ள இச்சிற்றூரின் பெயர் நாடாளுமன்ற ஏட்டில் ஏறியது! அத்தேர்தலில் காங்கிரஸ் வென்ற ஏழு ஸ்தானங்களில் கொட்டகலையும் ஒன்று, வென்றவர் கே. குமாரவேலு. பக்கத்துத் தலவாக்கலையில் மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும், நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும் வென்றார்கள்.

அந்தக் கீர்த்திக்கு ஆயுள் சொற்பம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடக்காரர் சட்டமும், அதே ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, காட்டையழித்துப் பயிராக்கியவர்களின் பேரப்பிள்ளைகளை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. நீக்கியது வாக்கை மட்டுந்தானே, மனிதரை அன்றே என்று சமாதானம் சொன்னவர்களும் இருந்தார்கள். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் கொட்டகலைத் தொகுதி இருந்தது. அதன் ஜனங்களில் பெரும்பகுதியார் அதன் வாக்காளராக இல்லை. காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தது. நாடாளுமன்றத்தில் அக்கட்சிக்கு ஒருவர்கூட இல்லை. தொகுதிக்குள் பெருவாரியாக வாழ்கிறவர்களை எண்ணாமலே தொகுதி நடத்தலாம் என்ற இந்த விநோதம் சில ஆண்டுகள் நீடித்து, 1960ஆம் ஆண்டுத் தேர்தலுக்காக எல்லைகளை மாற்றி வகுத்தபோது, கொட்டகலை என்ற தொகுதியே ஏட்டிலிருந்து மறைந்தது.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி டில்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 9,75,000 மனிதரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பகிர்ந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சொத்துப் பாகப்பிரிவினையிலாவது பங்காளிகளை அழைத்துக் கேட்பார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் கொட்டகலை ஸ்டேஷன் கண்டிராத அழுகை இல்லை. அண்ணனுக்கு ஒரு பிரஜாவுரிமை, தம்பிக்கு வேறொரு பிரஜாவுரிமை. அறிவித்தல் கடிதம் வந்த குடும்பம் ஆட்டையும் கோழியையும் அண்டை அயலாருக்குக் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியோடு தலைமன்னார் வண்டியேறும். அவர்களில் பலர் இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டங்களிலே மறுபடியும் கூடையைத் தலையில் மாட்டினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் உள்ளவர்கள் அங்கே சிலோன்காரர். இங்கே இருந்தபோது அவர்கள் இந்தியத் தமிழர்.

தங்கினவர்களுக்கும் இலகுவாக விடியவில்லை. நிலச் சீர்திருத்தத்தின் பேரில் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. பஞ்சமும் கூடவே வந்தது. 1977ஆம் ஆண்டில் நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தேயிலை நிலத்தைப் பகிர்ந்து கொடுக்கும் திட்டத்தை எதிர்த்துத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்தபோது, மே மாதம் 11ஆம் தேதி, பத்தனை என்ற ஊருக்கு அண்மையில் உள்ள டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். அந்நிலப் பகிர்வு கைவிடப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நடந்த பொதுத்தேர்தலில், நுவரெலியா மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று பிரதிநிதிகளுள் ஒருவராகத் தொண்டமான் வென்றார். 1947க்குப் பிறகு முப்பது வருஷம் கழித்துத் தேர்தல் மூலம் கிடைத்த முதல் ஸ்தானம் அது. பிரஜாவுரிமையின் கடைசிச் சிக்கல் அவிழ, 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்களைத் தாண்டி, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இடைக்காலத்தில் கொட்டகலை வேறொரு திக்கில் வளர்ந்தது. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது அவற்றுக்கு வாத்தியார்கள் வேண்டியிருந்தார்கள். அவர்களைத் தயாரிக்கும் ஆசிரியர் கலாசாலை இவ்வூரில் அமைந்தது. பின்னர் ஜேர்மனிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் எழுந்தது. கங்காணி ஆள் எண்ணி இறக்கிய ஸ்டேஷனில், இப்பொழுது புத்தகப் பையுடன் ஆசிரிய மாணவர்கள் இறங்குகிறார்கள். தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுத்தில் ஈடுபட்ட சாரல்நாடன் இவ்வூரில் வாழ்ந்துதான் நடேசய்யரின் சரித்திரத்தையும், சி. வி. வேலுப்பிள்ளையைப் பற்றிய ஆய்வையும், மலையக வாய்மொழி இலக்கிய நூலையும் எழுதினார். அரசாங்க ஆவணக் காப்பகங்களில் துரைமாரின் கடிதங்களே நிறைந்திருக்க, தொழிலாளர் தரப்புப் பத்திரங்களையும் துண்டுப்பிரசுரங்களையும் தேடித் தொகுத்த அந்த உழைப்பு இல்லாவிட்டால், இத்தகைய தொடர் எழுதுகிறவர்கள் பாதி விஷயத்தைக் கற்பனையில் நிரப்பியிருப்பார்கள். அவர் 2014ஆம் ஆண்டில் காலமானார். தொழிற்சங்கமும் இங்கே பெருங்கட்டடம் எழுப்பியது: இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சி.எல்.எப். வளாகம் இருப்பது கொட்டகலையில். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் அக்காங்கிரஸின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் காலமானபோது, கொரோனா ஊரடங்கையும் மீறி மலையகத்தின் கண்கள் இத்தெருவை நோக்கியிருந்தன.

காடு என்ன ஆயிற்று என்று கேட்பவருக்கு ஒரு வார்த்தை. அது முற்றும் போய்விடவில்லை. ஓடையோரங்களிலும், கைவிட்டுப் புதர்மண்டிய தேயிலையிலும், நிழலுக்கு நட்ட சவுக்கு வரிசைகளிலும் மறைந்து திரும்பி வருகிறது. அதனோடு சிறுத்தையும் வருகிறது. லயத்து நாயைத் தூக்கிப்போகும் சிறுத்தையைப் பற்றிப் புகார் சொல்கிற அதே மனிதர், பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் அது மாட்டிக்கொண்டால் பரிதாபப்படுவார். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கம் அவ்வாறு கண்ணியில் அகப்பட்டு இறந்த கருஞ்சிறுத்தை நாடு முழுவதும் பேசப்பட்டது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ சிறுத்தையை விடக் குளவியே பெரும் பயம். தேயிலைப் புதரைக் கை விலக்குகையில் கூடு கலைந்து, நிரை முழுவதும் வைத்தியசாலைக்குப் போகிற நாள்கள் உண்டு, உயிரிழப்பும் உண்டு. தண்ணீரின் கதையும் இப்படித்தான். இவ்வூரைக் கடந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் சாலையில், 97 மீட்டர் உயரத்திலிருந்து டெவன் அருவியும், அகன்ற பாறைமேல் 80 மீட்டர் சரிந்து சென் கிளேயர் அருவியும் பிரயாணிகளை நிறுத்துகின்றன. 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் ஆற்றைத் தலவாக்கலையிலேயே அணைகட்டிச் சுரங்கத்துக்குள் திருப்பிக்கொண்டபின், சென் கிளேயருக்கு விடப்படும் நீர் பகற்பொழுதுக்கென்று அளந்து விடப்படுகிறது. அருவிக்கும் செக்றோல் போட்டாயிற்று.

கடைசி ஏடு உள்ளூராட்சியினுடையது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் அமைந்த பாதைக்கோ குழாய்க்கோ சபையின் பணத்தைச் செலவிட வழியில்லாதிருந்தது. சபைக்கு வாக்களிக்கலாம், அங்கத்தவராகலாம், தலைவராகவும் ஆகலாம்; தன் லயத்துக்குப் போகிற வழியில் ஒரு மின்விளக்குப் போடத்தான் முடியாது. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் நுவரெலியாப் பிரதேச சபையைப் பிரித்துக் கொட்டகலைக்கும் அக்கரப்பத்தனைக்கும் தனித்தனிச் சபைகள் அமைத்தார்கள். 1960ஆம் ஆண்டில் தேர்தல் ஏட்டிலிருந்து உதிர்ந்த கொட்டகலை என்ற பெயர், இவ்விதமாகச் சிறியதோர் ஏட்டில் மறுபடியும் ஏறியது.

நிலம் மட்டும் இன்னும் வேறு ஏட்டிலேயே இருக்கிறது. 1992ஆம் ஆண்டில் அரசாங்கம் தோட்ட நிர்வாகத்தைப் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைத்தது. அவற்றுள் ஒன்று கொட்டகலையின் பெயரையே தாங்கியது. குத்தகைக் காலம் 53 ஆண்டுகள். இந்திய உதவியில் கட்டப்படும் தனி வீடுகளுக்கென்று ஏழு பேர்ச் நிலம் ஒதுக்கி, சில குடும்பங்களுக்கு உறுதிப்பத்திரமும் கையளித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் இன்னும் லயத்துக் காம்பராவில், நிலம் தம்முடையதல்லாத நிலையில் இருக்கிறார்கள். குத்தகை 2045ஆம் ஆண்டில் முடியும். அப்பொழுது டிரேட்டனும் டெரிக்கிளையரும் யார் பேரில் எழுதப்படும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் கொட்டகலைப் பிரதேச சபைக்குக் கிடையாது. அதற்குரிய ஏடு கொழும்பில் இருக்கிறது.

(அடுத்த வாரம்: தலவாக்கலை)